அத்தியாயம் 7: கோடு தொட்டால் வழி ஆகிவிடாது

தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் இருக்கிறது. அந்த ரயில்வேயில் சென்னைக்குக் கிளம்பும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் புறப்படுவது ஷாலிமாரிலிருந்து. இரண்டுக்கும் நடுவே ஹூக்ளி ஆறு. தலைமையகத்தில் ஒரு புள்ளி, ஷாலிமாரில் ஒரு புள்ளி வைத்து க்யூஜிஐஎஸ்ஸிடம் வழி கேளுங்கள். இரு கரைத் தெருக்களையும் இறக்கிவிட்டுப் பாலத்தை விட்டிருந்தால், வழி இல்லை என்று கைவிரிக்கும். வித்யாசாகர் சேது வரை இறக்கியிருந்தால் கிதிர்பூரைச் சுற்றிக்கொண்டு நீளமான ஒரு வழியைக் காட்டும். படகுத் தடங்களையும் சேர்த்திருந்தால் வேறொன்று சொல்லும். கார்டன் ரீச் தெருக்களை மட்டும் இறக்கியிருந்தால்தான் வேடிக்கை: இக்கரையில் தண்ணீர் ஓரம் வரை ஒரு கோடு போட்டு, ஷாலிமார் வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிடும். நீங்கள் வைத்த புள்ளிக்குக் கிட்ட இருக்கும் கோட்டில் அது ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஆறு இருப்பது அதற்குத் தெரியாது.

நான்கு பதில்களும் அந்தந்தத் தரவுக்குச் சரியானவையே. பாதை இணைப்பு ஆய்வில் நேரம் போவது வழி கண்டுபிடிப்பதில் அல்ல. எது இணைப்பு, எது இணைப்பு இல்லை என்று முடிவு செய்வதில்தான் போகும். வரைந்தவர் கை தவறியதால் வரைபடத்தில் விழுந்த உடைப்பும், ஊரில் சுவராகவே நிற்கும் உடைப்பும் திரையில் ஒரே மாதிரி தெரியும். முதலாவதைச் சரிசெய்ய வேண்டும், இரண்டாவதைத் தொடக்கூடாது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த வேலைதான்.

ஏன் கார்டன் ரீச்

பயிற்சிக்கு மலைப்பாதையோ காட்டுப்பாதையோ எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் இணைப்பு என்ற விஷயத்தைக் கற்க இவ்வளவு வசதியான பகுதி வேறு கிடைப்பது கடினம். வடக்கிலும் மேற்கிலும் ஆறு. நகரத்துக்கும் இதற்கும் இடையே 1892இல் திறந்த கிதிர்பூர் டாக். அதற்குக் கீழே கிங் ஜார்ஜ் டாக் என்ற பெயரில் திறந்து, இப்போது நேதாஜி சுபாஷ் டாக் எனப்படும் இன்னொரு நீர்ப்பரப்பு. துறைமுகத்தின் தண்டவாளங்கள், கிடங்குகள், சுற்றுச்சுவர்கள். போர்க்கப்பல் கட்டும் கார்டன் ரீச் ஷிப்பில்டர்ஸ் வளாகம். தெற்கே பட்ஜ் பட்ஜ் ரயில் பாதை. இத்தனைக்கும் நடுவே ஜனம் நெருங்கி வாழும் சந்துகள். ராயபுரம், காசிமேடு பக்கம் துறைமுகச் சுவரை ஒட்டி நடந்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தெரியாது: கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும், கால் வைக்க வழி இருக்காது.

சந்துகளின் கதை தனி. அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856இல் அரசை இழந்து கல்கத்தா வந்து, இந்தப் பகுதியில் உள்ள மெட்டியாபுரூஜில் தங்கி, 1887இல் இறக்கும்வரை அங்கேயே ஒரு குட்டி லக்னோவை நடத்தினார். ஆற்றோரத் தோட்ட மாளிகைகளும் நவாபின் குடியிருப்புகளும் இருந்த நிலம் பின்னால் துண்டு துண்டாக மனையானது. இன்றும் பல பேட்டைகளின் பெயர் ‘பாகான்’ என்று முடியும். தோட்டம் என்று பொருள். ஒவ்வொரு தோட்டமும் தன் சந்தைத் தானே போட்டுக்கொண்டு வளர்ந்தால், பக்கத்துத் தோட்டத்துச் சந்தோடு அது சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இது வெறும் வரைபடப் புதிர் அல்ல. 2024 மார்ச் 17 நள்ளிரவில் கார்டன் ரீச்சில் கட்டுமானத்தில் இருந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று பக்கத்துக் குடிசைகள் மேல் சரிந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குறுகிய சந்துகளால் மீட்புக் கருவிகளைக் கிட்டே கொண்டுபோவது பெரும்பாடாக இருந்தது. எந்தச் சந்து எங்கே திறக்கிறது, எவ்வளவு அகலம் என்ற தகவல் அன்றைக்குத் தேடிக் கிடைப்பதாக இருக்கக்கூடாது.

தரவு இறக்குதல்

க்யூஜிஐஎஸ்ஸில் ‘குயிக்ஓஎஸ்எம்’ ப்ளகினை நிறுவி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுங்கள். ‘ஹைவே’ என்ற சாவியை மட்டும் கொடுத்தால் தெருக்களும் நடைபாதைகளும் படிக்கட்டுகளும் வரும். எல்லாரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். படகுத் தடம் ‘ரூட்=ஃபெர்ரி’ என்று தனியாகக் குறிக்கப்படுவது; அது ஹைவேயில் வராது. ‘பேரியர்’, ‘ரயில்வே’ இரண்டையும் தனி அடுக்குகளாக எடுத்து வையுங்கள். இவற்றில் யாரும் நடக்கப்போவதில்லை, ஆனால் சாட்சி சொல்ல இவைதான் வரும்.

எல்லையைத் தாராளமாக வையுங்கள். கார்டன் ரீச் வார்டுகளை மட்டும் கத்தரித்து எடுத்தால், தாராதலா பக்கமோ மகேஷ்தலா பக்கமோ தொடர்ந்து போகிற தெரு தரவில் வராமல் போகும். எல்லையோரத் தெருவெல்லாம் முட்டுச்சந்தாகத் தெரியும். கிழக்கே கிதிர்பூர், தென்கிழக்கே மாஜேர்ஹாட், தெற்கே சந்தோஷ்பூர், ஆக்ரா, எதிர்க்கரையில் ஷிப்பூர் என்று ஒரு சுற்று கூடவே எடுத்துக்கொண்டு, முடிவுகளை மட்டும் உள்வட்டத்துக்குள் படியுங்கள்.

அடுத்த வேலை ஒரு நிமிடம்தான், ஆனால் விட்டால் எல்லாம் கெடும். தரவு பாகைகளில் வரும். அதை யூடிஎம் 45 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது இபிஎஸ்ஜி 32645க்கு, மாற்றிச் சேமியுங்கள். இனி எல்லா அளவும் மீட்டரில்.

மூட்டுகளைப் பார்த்தல்

க்யூஜிஐஎஸ்ஸின் வலையமைப்புக் கருவிகளுக்கு இணைப்பு என்றால் ஒன்றே ஒன்று: இரண்டு கோடுகளுக்கும் பொதுவாக ஒரு முனைப்புள்ளி அல்லது இடைப்புள்ளி இருக்க வேண்டும். ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போனாலும் அந்த இடத்தில் பொதுப்புள்ளி இல்லையென்றால் அவை சேரவில்லை. அரை மீட்டர் தள்ளி நின்றாலும் சேரவில்லை. திரையில் சேர்ந்திருப்பதுபோல் தெரிவதற்குக் காரணம் கோட்டின் தடிமன்தான்.

முதலில் ‘டிஸ்கனெக்டட் ஐலண்ட்ஸ்’ ப்ளகினை ஓட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அது ஒரு குழு எண் தரும். எண்ணுக்கு ஒரு நிறம் கொடுத்தால் முதன்மை வலை ஒரே நிறத்திலும் அதிலிருந்து அறுந்த தீவுகள் வேறு நிறங்களிலும் தெரியும். கிராஸ் மென்பொருளில் ‘வி.நெட்.காம்பொனென்ட்ஸ்’ இதையே செய்யும். அதில் இரண்டு முறை உண்டு. நடப்பவர்களுக்கு ‘வீக்’ போதும். ஒருவழித் தெருக்கள் முக்கியமானால், அதாவது வண்டிகளுக்கு, ‘ஸ்ட்ராங்’ வேண்டும். உள்ளே போக முடிந்து வெளியே வர முடியாத சிக்கல் அதில்தான் அகப்படும்.

பிறகு ‘டோபாலஜி செக்கர்’ ப்ளகினில் தொங்கு முனைகளைத் தேடச் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கில் வரும், பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றையும் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்த்து, அட்டவணையில் ஒரு புதுப் பத்தி போட்டு, உங்கள் தீர்ப்பை எழுதுங்கள். நான் வைத்துக்கொள்வது மூன்று சொற்கள்: பிழை, சுவர், நேரம்.

பிழை என்றால், இரண்டு சந்துகளும் ஊரில் சேர்கின்றன, வரைந்தவர் சேர்க்கவில்லை. சுவர் என்றால், உண்மையிலேயே முட்டு. நேரம் என்றால், கதவு. பகலில் திறக்கும், ராத்திரி பூட்டும். துறைமுகப் பகுதியிலும் குடியிருப்பு வளாகங்களிலும் மூன்றாவது வகை நிறைய வரும். அவற்றைப் பிழையிலும் சேர்க்காதீர்கள், சுவரிலும் சேர்க்காதீர்கள். வலையை இரண்டு பிரதி எடுத்து, பகல் ஒன்று, இரவு ஒன்று என்று வைத்துக்கொள்வதுதான் எளிது. ஒரே பிரதியில் எல்லாவற்றையும் அடக்க நினைப்பவர்கள் கடைசியில் பகல் வலையை வைத்து இரவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே ஒரு பெரிய சபலம் இருக்கிறது. வலையமைப்புக் கருவிகளில் ‘டோபாலஜி டாலரன்ஸ்’ என்று ஒரு பெட்டி உண்டு. அதில் 5 என்று போட்டால், ஐந்து மீட்டருக்குள் இருக்கும் முனைகள் எல்லாம் தாமாகவே சேர்ந்துவிடும். நூற்றுக்கணக்கான தொங்கு முனைகள் ஒரே நொடியில் மறையும். மெட்டியாபுரூஜில் அப்படிச் செய்தால் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளுக்கு நடுவே, சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு பாதை பிறக்கும். அங்கே சந்தின் அகலமே சில இடங்களில் அதற்குள் அடங்கிவிடும். என் வழக்கம் அரை மீட்டருக்கு மேல் போவதில்லை. மிச்சத்தைக் கண்ணால் பார்த்துக் கையால் சேர்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு வார்டுக்கு ஓரிரு மாலை நேரத்துக்கு மேல் ஆகாது.

தொடங்குமிடப் புள்ளி கிட்டத்துக் கோட்டில் ஒட்டிக்கொள்வதை முதலிலேயே பார்த்தோம். துறைமுகச் சுவரோரக் குடியிருப்புகளில் இது அடிக்கடி ஏமாற்றும்: வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் கோடு சுவருக்கு அந்தப்பக்கம் ஓடும் துறைமுகத்தின் உள்சாலையாக இருக்கும். புதிய பதிப்புகளில் இந்தத் தூரத்துக்கு வரம்பு வைக்க வசதி உண்டு. ஆனாலும் ‘ஆக்சஸ்=பிரைவேட்’ என்று குறித்த கோடுகளை நடைவலையிலிருந்து முதலிலேயே எடுத்துவிடுவதுதான் நல்லது.

மேலே போவது, கீழே போவது

மாஜேர்ஹாட் பக்கத்திலிருந்து கார்டன் ரீச்சுக்கு நாலு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மேம்பாலம் 2018இல் திறந்தது. வரைபடத்தில் அது எத்தனையோ தெருக்களைக் குறுக்கே வெட்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒழுங்காக வரைந்திருந்தால் அந்த இடங்களில் பொதுப்புள்ளி இருக்காது. க்யூஜிஐஎஸ் அதை மதிக்கும்.

சிக்கல் கிராஸுக்கு மாறும்போது வரும். ‘வி.நெட்’ குடும்பத்துக் கருவிகள் கோடுகள் முனையோடு முனை சேர்வதை மட்டுமே இணைப்பாக எடுத்துக்கொள்ளும்; இடைப்புள்ளி போதாது. அதனால் ‘வி.கிளீன்’ கருவியில் ‘பிரேக்’ கொடுத்து எல்லாக் கோடுகளையும் சந்திப்புகளில் உடைப்பார்கள். அது வெட்டும் இடத்திலெல்லாம் உடைக்கும், மேம்பாலத்தையும் சேர்த்து. உடனே கீழே இருக்கும் தெருவிலிருந்து மேம்பாலத்துக்கு ஏணி வைத்தாற்போல் நினைத்த இடத்தில் ஏறலாம் என்று வழி வரும். நகர வலைகளில் நான் பார்க்கும் மிகப் பரவலான பிசகு இதுதான். செய்தவர்களுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் வரும் வழி பார்க்க அழகாகவே இருக்கும்.

மாற்று இது. ‘பிரிட்ஜ்=யெஸ்’ உள்ள கோடுகளையும் ‘லேயர்’ எண் உள்ளவற்றையும் தனியே பிரித்து வையுங்கள். தரையில் ஓடுபவற்றை மட்டும் உடையுங்கள். பிறகு ‘வி.பேட்ச்’ கொண்டு இரண்டையும் ஒட்டுங்கள். அது சேர்க்கும், உடைக்காது. பாலத்தின் இரு முனைகளும் தரைச்சாலையின் முனைகளோடு ஏற்கெனவே பொருந்தியிருக்கும். பைத்தான் பழக்கம் உள்ளவர்கள் ஜெஃப் போயிங் எழுதிய ‘ஓஎஸ்எம்என்எக்ஸ்’ நூலகத்துக்குப் போய்விடலாம். அது புள்ளிகளின் அடையாள எண்ணை வைத்தே வலையைக் கட்டுவதால் இந்தத் தொல்லை எழுவதில்லை.

ஒற்றை மூட்டுகள்

வலை சுத்தமானபின் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘குறுக்குவழி எது’ என்பதல்ல. ‘எதை எடுத்தால் அறுந்துபோகும்’ என்பது. கிராஸில் ‘வி.நெட்.பிரிட்ஜ்’ இதற்கென்றே இருக்கிறது. எந்தக் கோட்டை நீக்கினால் வலை இரண்டாகுமோ அதையும், எந்தச் சந்தியை நீக்கினால் இரண்டாகுமோ அதையும் அது தனித்தனியே எடுத்துத் தரும். இந்த ‘பிரிட்ஜ்’ ஆற்றுப் பாலம் அல்ல, கணக்கில் வரும் பாலம். சந்துக்குள் இருக்கும் ஒரு சாதாரணத் திருப்பமும் இந்தப் பட்டியலில் வரும்.

கார்டன் ரீச்சில் ஒரு பாலம் இரண்டு அர்த்தத்திலும் கவனிக்க வேண்டியது. கிதிர்பூர் டாக்கின் நீர்வழிக்கு மேல், சர்குலர் கார்டன் ரீச் ரோட்டில் இருக்கும் பாஸ்க்யூல் பாலம். கப்பல் வந்தால் பாலத்தைத் தூக்குவார்கள், சாலை நிற்கும். வரைபடத்தில் அது எப்போதும் இருக்கிற கோடு. ஊரில் அது அவ்வப்போது இல்லாத கோடு. வலையின் ஒரு பிரதியில் அந்தக் கோட்டை நீக்கிவிட்டு, மெட்டியாபுரூஜிலிருந்து கிதிர்பூருக்கு அதே வழியை மறுபடி கேளுங்கள். இரண்டு தூரங்களின் விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த விகிதம் ஒன்றை ஒட்டி இருந்தால் பாலம் சௌகரியம் மட்டுமே. இரண்டை நெருங்கினால் அந்தப் பகுதியின் கழுத்து அதுதான்.

கோட்டை நீக்கிப் பார்ப்பது செயற்கையான விளையாட்டு என்று தோன்றினால், பக்கத்திலேயே நடந்ததைப் பாருங்கள். 2018 செப்டம்பர் 4 அன்று மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்தது. ரயில் பாதைக்கு மேலே பெஹாலாவை நகரத்தோடு சேர்த்த பாலம் அது. பெய்லி பாலமும் லெவல் கிராசிங்கும் போட்டுத் தற்காலிக வழி செய்தார்கள். புதுப் பாலம் ஜெய்ஹிந்த் சேது என்ற பெயரில் 2020 டிசம்பரில்தான் திறந்தது. இரண்டு ஆண்டுக்கும் மேலாக ஒரே ஒரு கோடு இல்லாத வலை எப்படி இயங்கியது என்பது கொல்கத்தாவின் தெற்குப் பகுதியில் இருந்தவர்களுக்கு உடம்பில் பதிந்திருக்கும். உங்கள் கணினியில் அதை அரை மணி நேரத்தில் ஒத்திகை பார்க்கலாம்.

படகுத் தடத்தைச் சேர்ப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். லாஞ்ச் ஆற்றைக் கடக்கும் நேரம் கொஞ்சம்தான். படித்துறையில் காத்திருக்கும் நேரம் அதைவிட அதிகமாகலாம். கோட்டின் நீளத்தை வைத்துக் கணக்கிட்டால் ஆறு வாய்க்காலாகிவிடும். படகுக் கோட்டுக்கு மட்டும் காத்திருப்பையும் சேர்த்து ஒரு வேகம் கொடுங்கள்: 800 மீட்டர் கடக்கக் காத்திருப்பு உட்பட 20 நிமிடம் என்றால், மணிக்கு 2.4 கிலோமீட்டர். அக்கோடு படித்துறைப் படிக்கட்டோடு உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல நேரம் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

யாருக்கு வழி

‘சர்வீஸ் ஏரியா’ கருவி, ஒரு புள்ளியிலிருந்து இவ்வளவு நேரத்தில் எங்கெல்லாம் போகலாம் என்று தெருக்களாகவே காட்டும். அதில் வேகமான வழியைத் தேர்ந்தெடுத்தால் இயல்பாக இருக்கும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். மாற்றாமல் ஓட்டினால் மெட்டியாபுரூஜின் தையல்காரர் பத்து நிமிடத்தில் ஊரையே தாண்டியிருப்பார். நடைக்கு 4 என்று வையுங்கள். நேரத்தை மணிக்கணக்கில் கேட்கும். பத்து நிமிடம் என்றால் 0.167.

ஆனால் நடப்பவர் ஒருவர்தானா? மெட்டியாபுரூஜ் ஆயத்த ஆடைக்குப் பேர்போன இடம். துணி வெட்டித் தைத்து வாங்கும் ‘ஓஸ்தாகர்’களின் வீடுகள் சந்துக்குள் இருக்கின்றன, மூட்டைகள் வேனிலும் தள்ளுவண்டியிலும் ‘ஹாட்’ எனும் சந்தைக்குப் போகின்றன. தனியாள் ஒருக்களித்து நுழையும் சந்து தள்ளுவண்டிக்குச் சுவர். தள்ளுவண்டி போகும் சந்து தீயணைப்பு வண்டிக்குச் சுவர். ஆகவே ஒரே வலையை மூன்றாக வடிகட்ட வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ‘விட்த்’ என்ற குறிச்சொல் இருந்தாலும் சந்துகளுக்கு அதை நிரப்பியிருப்பவர் குறைவு. நேரில் போய் மிகக் குறுகலான இடத்தை அளந்து எழுதுவதைத் தவிர வழியில்லை. சராசரி அகலம் எதற்கும் உதவாது; ஒரு மின்கம்பமோ திண்ணையோ நடுவில் நின்றால் அங்கேயே கதை முடிந்தது. நான் 1.2 மீட்டருக்குக் கீழ் நடை மட்டும், 3.5 வரை தள்ளுவண்டியும் ஆட்டோவும், அதற்கு மேல் பெரிய வண்டி என்று பிரிப்பேன். உங்கள் ஊர் வண்டியின் அகலத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று வலைகளுக்கும் ‘சர்வீஸ் ஏரியா’வைத் தனித்தனியே ஓட்டி ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். நடைவலையில் நிரம்பி, பெரிய வண்டிக்கு வெறுமையாக நிற்கும் திட்டுகள்தான் முதலில் நேரில் பார்க்க வேண்டிய இடங்கள்.

நேரில் போகும்போது

கைபேசியில் ‘வெஸ்பூச்சி’ அல்லது ‘ஸ்ட்ரீட்கம்ப்ளீட்’ போதும். ஐந்து மாடிகளுக்கு நடுவே சந்தில் நிற்கும்போது ஜிபிஎஸ் பக்கத்துச் சந்தில் இருப்பதாகச் சொல்லும். அதன் தடத்தை நம்பிக் கோட்டை நகர்த்தாதீர்கள். அச்சிட்ட தாளில் பென்சிலால் குறிப்பது இங்கே இன்னும் நம்பகமானது. கப்பல் கட்டும் தளத்தின் ஓரத்திலும் டாக் வாயில்களிலும் படமெடுக்காதீர்கள், அளவெடுக்காதீர்கள். 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் வரைபட வேலையை நிறையத் தளர்த்தினாலும், பாதுகாப்பு இடங்களின் விஷயம் வேறு. நம் ஆய்வுக்கு அந்தச் சுவர் இருக்கும் இடம் தெரிந்தால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்பது தேவையே இல்லை.

தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்க ஆள் இருப்பார்கள்: டீக்கடைக்காரர், வேன் இழுப்பவர், டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள். “இந்தச் சந்து எங்கே போகும்?” என்று கேட்டால் கை நீட்டிப் பொதுவாக ஒரு திசை காட்டுவார்கள். “இதில் போனால் ஆக்ரா ரோடு வருமா, ராத்திரியிலும் வருமா?” என்று கேளுங்கள்.

வீடு திரும்பியதும் பிழைகளை ‘ஜேஓஎஸ்எம்’மில் திருத்தி ஏற்றுங்கள், அதன் ‘வேலிடேட்டர்’ தெருமுனை இன்னொரு தெருவுக்கு மிக அருகில் நின்றுவிட்டால் எச்சரிக்கும். நேரில் பார்த்து உறுதி செய்த முட்டுகளையும் ஏற்றுங்கள். சந்தின் கடைசிப் புள்ளியில் ‘நோஎக்ஸிட்=யெஸ்’ என்று போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த மாதம் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, ‘சேர்க்க மறந்துவிட்டார்கள்’ என்று நினைத்து, அந்தச் சுவரின் குறுக்கே ஒரு கோட்டை இழுத்துவிடுவார். கதவுகளுக்கு ‘பேரியர்=கேட்’டோடு திறக்கும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். மாற்றக் குறிப்பில் எந்த வார்டு, எந்த நாள், நேரில் பார்த்ததா படத்தில் பார்த்ததா என்று ஒரு வரி போதும்.